கார் என்பது எந்த மாதங்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கப் பாடல் படிக்கத் தொடங்குகிறவர்கள், நெல்லைப் பக்கத்துச் சாகுபடிச் செய்தியைப் பார்க்கிறவர்கள், காரடையான் நோன்புக்கு அடை தட்டுகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ‘கார்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தமிழில் எனக்கு மிகப் பிடித்த சொற்களில் இது ஒன்று. அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

கார்காலம் என்றால் எந்த மாதங்கள்?

ஆவணியும் புரட்டாசியும். இன்றைய நாட்காட்டியில் ஆகஸ்ட் 17 வாக்கில் தொடங்கி அக்டோபர் 17 வாக்கில் முடியும். ஆண்டை இரண்டிரண்டு மாதங்களாக ஆறு கூறாகப் பிரித்துப் ‘பெரும்பொழுது’ என்று பெயரிட்டார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பது அதன் வரிசை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியச் சூத்திரம் ‘காரும் மாலையும் முல்லை’ என்று பொழுதைத் திணையோடு, அதாவது பாட்டின் நிலப் பகுப்போடு, இணைத்துச் சொல்கிறதே தவிர, கார் என்றால் இன்ன மாதம் என்று சொல்லவில்லை. மாதக் கணக்கை எழுதி வைத்தவர்கள் பின்னால் வந்த உரையாசிரியர்கள். சொல்லை முதலில் ஆண்டவர்களுக்கு மாதம் தேவைப்படவில்லை. வானம் கறுத்ததா, முல்லை பூத்ததா என்பதே போதுமாக இருந்தது.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கறுப்பிலிருந்து. கரு, கருமை, கரி, கருப்பு, காரி எல்லாம் கார் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்த சொற்கள். காரிருள், கார்குழல், காராம்பசு ஆகியவற்றில் கார் வெறும் நிறம்தான். கறுப்புப் பசு என்பதற்கு மேல் காராம்பசுவில் வேறு பொருள் இல்லை.

நிறத்திலிருந்து அந்த நிறமுடைய மேகத்துக்குப் பெயர் போனது, மேகத்திலிருந்து மழைக்கு, மழையிலிருந்து அது பெய்யும் மாதங்களுக்கு. அங்கிருந்து அந்தக் காலத்து நெல்லுக்கும் போனது. புதுப் பொருள் வந்ததற்காகப் பழைய பொருள் எதுவும் விலகிப் போகவில்லை. திருப்பாவையின் முதல் பாட்டில் ஆண்டாள் ‘கார்மேனிச் செங்கண் கதிர்மதியம்போல் முகத்தான்’ என்கிறாள். அந்தக் காரைக் கறுப்பு என்றும் கொள்ளலாம், மழைமேகம் என்றும் கொள்ளலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய அவசியமே அந்த வரியில் இல்லை.

தமிழ்நாட்டில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தானே? ஆவணி, புரட்டாசியை மழைக்காலம் என்றது எப்படிப் பொருந்தும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நியாயமான கேள்வியும்கூட. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ‘ஐப்பசி அடைமழை’ என்று ஊரே சொல்கிறது. அப்புறம் ஏன் ஆவணியில் கார்?

சென்னையில் அல்லது நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் குழப்பம் வரும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு வராது. உள்மாவட்டங்களில் ஆகஸ்டும் செப்டம்பரும் நல்ல மழை மாதங்கள். அந்த மழையின் குணம் வேறு. பகல் முழுக்க வெயில் காயும், புழுக்கம் தாங்காது. மூன்று, நான்கு மணிக்கு மேல் அடிவானத்தில் மேகம் திரளும். சிறிது நேரத்தில் வானம் மையாகக் கறுத்து, காற்றும் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, இரவில் வெறித்துவிடும். தொலைக்காட்சியில் இதைத்தான் ‘வெப்பச்சலன மழை’ என்கிறார்கள்.

இப்போது ‘காரும் மாலையும் முல்லை’ என்பதை மறுபடி படித்துப் பாருங்கள். பெரும்பொழுது கார், நாளின் கூறாகிய சிறுபொழுது மாலை. ஆவணி, புரட்டாசி மழை மாலையில் வருகிற மழை. ‘பெரும்பெயல் பொழிந்த சிறுபுன் மாலை’ என்று முல்லைப்பாட்டு காட்டுவதும் இதே பொழுதைத்தான். காரையும் மாலையையும் ஒரே திணையில் வைத்ததற்கு, பிரிந்தவர்களை மாலைப்பொழுது அதிகம் வருத்தும் என்று இலக்கணக்காரர்கள் காரணம் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாலையில் மழையும் வந்தது என்பதை, இந்த நிலத்தின் வானத்தைப் பார்த்தவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

முல்லை நிலம் கடற்கரையோ ஆற்றுப் படுகையோ இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். அது காடும் மேய்ச்சலும் மானாவாரிக் கொல்லையும். வரகும் சாமையும் விளையும் பூமி. வடகிழக்குப் பருவமழை வரும்வரை காத்திருக்காமல், ஆடியில் விதைத்து ஆவணி மழையில் பயிர் நிமிர்கிற இடம் அது.

இன்னொரு சிறு திருத்தமும் உண்டு. நம் சூரிய மாதங்கள் விண்மீன் கணக்கில் ஓடுகின்றன. அதனால் பருவங்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் பின்தள்ளிப் போகின்றன. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில், வெயில் மழைக் கணக்கில் ஆவணி இன்றைக்கு விடச் சுமார் ஒன்பது நாள் முந்தியே வந்திருக்கும். அப்போது கார் இன்னும் கொஞ்சம் முழுமையாகத் தென்மேற்குக் காற்றின் காலத்துக்குள் இருந்தது.

அப்படியானால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பெயர் இல்லையா?

உண்டு. கூதிர். வடக்கிலிருந்து வாடை வீச, நாள்கணக்கில் வெயில் முகம் காட்டாமல் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும் குளிர்மழைக் காலம் அது. நெடுநல்வாடை விரித்துச் சொல்வது அந்தக் குளிரைத்தான். கார் மழை இடியோடு வந்து விடைபெற்றுப் போகும். கூதிர் மழை வீட்டுக்குள் ஆளை முடக்கிப் போடும். ஒரே நிலம் இரண்டு காற்றில் இரண்டு விதமாக நனைவதைக் கண்டு இரண்டு பெயர் வைத்தவர்களின் கூர்மை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

‘மாரி’ பொதுச்சொல். எந்த மழையும் மாரிதான். யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் மாரிகாலம், மாரித்தவளை என்பார்கள். அங்கே அது பெரும்பாலும் வடகிழக்குக் காற்றின் மழையைக் குறிக்கும்.

கார் வந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

பூவைப் பார்த்து. முல்லை, கொன்றை, பிடவம், காயா, தோன்றி ஆகியவை காரின் அடையாளப் பூக்கள். ஆனால் பூவும் ஏமாறும் என்று அவர்களுக்குத் தெரியும். குறுந்தொகையில் இதைச் சுற்றி இரண்டு பாடல்கள் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.

66ஆம் பாட்டில் தலைவன் கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கொன்றை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். தலைவி கலங்குகிறாள். தோழி பார்த்தாள், பழியைத் தூக்கி மரத்தின் மேல் போட்டுவிட்டாள். இந்தக் கொன்றைகள் அறிவில்லாதவை, ‘வம்ப மாரியைக் காரென மதித்தே’ பூத்துவிட்டன என்கிறாள். வம்ப மாரி என்றால் காலமில்லாக் காலத்தில் பெய்த மழை. இன்று நாம் ‘பருவம் தப்பிய மழை’ என்று மூன்று சொல்லில் சொல்வதற்கு அன்று இரண்டே சொல்.

21ஆம் பாட்டில் பேசுவது தலைவியே. காட்டில் கொன்றை பூத்துக் குலுங்குகிறது. கானம் முழுக்கச் சேர்ந்து ‘காரெனக் கூறினும், யானோ தேறேன், அவர் பொய் வழங்கலரே’ என்கிறாள். காடே சாட்சி சொன்னாலும் நம்ப மாட்டாள், ஏனென்றால் அவன் பொய் சொல்லாதவன்.

இந்த இரண்டு பாட்டிலும் கார் ஒரு மாதப் பெயராக மட்டும் இல்லை. வாக்குக் கொடுத்த தவணை நாளும் அதுதான். தவணை தேதியில் எழுதப்படவில்லை, பூவில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் பூத்தது சரியா தப்பா என்று வாதாட இடம் கிடைக்கிறது.

போருக்குப் போனவர்கள் காரில் ஏன் திரும்ப வேண்டும்?

மழைக்காலம் தொடங்குமுன் வினையை முடித்துக்கொண்டு வீடு சேர்வது மரபு. முல்லைத் திணையின் கதையே அதுதான். போனவன் வருவான் என்று இவள் ஆற்றியிருப்பாள்.

103 அடிகளே கொண்ட, பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு இதை அருகில் போய்க் காட்டுகிறது. மழை கொட்டி ஓய்ந்த மாலை. முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைதொழுது, விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். யாரோ எதேச்சையாகச் சொல்லும் சொல்லில் நல்ல நிமித்தம் இருக்கிறதா என்று காது கொடுப்பதே விரிச்சி. பக்கத்தில் சிறு கயிற்றில் கட்டிய இளங்கன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. ஓர் இடைப்பெண், குளிரில் நடுங்கும் தோளில் கைகளைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் கன்றிடம் சொல்கிறாள்: இப்போதே வந்துவிடுவார்கள் உன் தாய்மார், கோவலர் பின்னால் நின்று ஓட்டி வருகிறார்கள். அவள் சொன்னது கன்றுக்கு. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது தலைவிக்கு.

அந்தப் பெண் தோளைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். மழைக்குப் பின் எழும் சில்லென்ற காற்றைப் பற்றிப் புலவர் நப்பூதனார் இந்த இடத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் கைகளிலேயே காற்று தெரிகிறது.

பெரும்பொழுது வரிசை ஏன் சித்திரையில் தொடங்காமல் காரில் தொடங்குகிறது?

நச்சினார்க்கினியர் சொல்லும் காரணம்: ஆவணி சிங்க ராசிக்குரிய மாதம். சிங்கம் ஞாயிற்றின் சொந்த வீடு. அங்கே தொடங்கி, திங்களின் வீடான கடகத்தில், அதாவது ஆடியில், ஆண்டு முடிகிறது. எனவே ஆவணி முதல் எண்ணினார்கள் என்கிறார். இது சோதிட வழி விளக்கம். தமிழ்ப் புத்தாண்டு சித்திரையா தையா என்ற விவாதத்தில் இந்த ஆவணிக் கணக்கையும் சிலர் எடுத்துப் போடுவதுண்டு. அந்தச் சண்டைக்குள் இங்கே போக வேண்டாம்.

காரும் வர்ஷ ருதுவும் ஒன்றா?

மாதங்கள் ஒன்றுதான். நம் பஞ்சாங்கங்களில் ஆவணி, புரட்டாசிக்கு வர்ஷ ருது என்றே போட்டிருக்கும். வேறுபாடு அடுத்த பருவத்தில் வருகிறது. வடமொழிக் கணக்கில் மழைக்கு அடுத்தது சரத், மேகம் கலைந்து வானம் தெளிந்து நிலவு பளிச்சென்று தெரியும் காலம். நமக்கு அந்த ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. அதை எப்படித் தெளிந்த வானம் என்பது? தமிழில் அந்த இடத்தில் கூதிர் நிற்பது, இந்தப் பகுப்பு இந்த மண்ணின் மழையைப் பார்த்து எழுந்தது என்பதற்கு நல்ல சான்று.

திருநெல்வேலியில் ‘கார் சாகுபடி’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்லா?

அதே சொல்தான். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கு இரண்டு போகம். ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வாக்கில் முடிவது கார். அக்டோபருக்குப் பிறகு நட்டு, பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பது பிசானம். கோடைமேலழகியான், கன்னடியன் கால்வாய்ப் பகுதிகளில் ‘இந்த வருஷம் கார் உண்டா?’ என்று கேட்டால், நெல்லைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாதம் இடிக்கிறதே என்று தோன்றும். இலக்கியத்தில் கார் தொடங்குவது ஆவணியில், வயலில் தொடங்குவது வைகாசி, ஆனியில். வயல் கார் குடிக்கும் தண்ணீர், தென்மேற்குக் காற்று பொதிகை மலையில் கொட்டும் மழை. அது பாபநாசம், சேர்வலாறு அணைகளில் சேர்ந்து கால்வாய்க்கு வருகிறது. பயிர் விளைந்து களத்துக்கு வருவது ஆவணி, புரட்டாசியில். நட்ட மாதத்தை விட்டு அறுக்கிற மாதத்தை வைத்துப் பார்த்தால், வயலும் பாட்டும் ஒரே இடத்தில்தான் சந்திக்கின்றன.

இந்தப் போகம் எப்போதும் உறுதியானதில்லை. சாரல் தாமதமாகி அணை நிரம்பாவிட்டால் காருக்குத் தண்ணீர் திறக்க மாட்டார்கள். இருப்பதைப் பிசானத்துக்கு வைத்துக்கொள்வார்கள். ‘கார் இல்லை’ என்ற செய்தி அந்தப் பக்கத்து விவசாயிக்கு எவ்வளவு பெரிய அடி என்பது, அரை ஆண்டு வயல் தரிசாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மற்ற ஊர்களில் இதே போகத்துக்கு வேறு பெயர். காவிரி டெல்டாவில் குறுவை, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் சொர்ணவாரி, கன்னியாகுமரியில் கன்னிப்பூ. வேளாண் துறையின் பருவப் பட்டியலில் ‘கார் / குறுவை / சொர்ணவாரி’ என்று மூன்றையும் ஒரே வரியில் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

பூங்கார், குள்ளக்கார் அரிசிகள் கறுப்பாக இல்லையே?

இல்லை, இரண்டும் சிவப்பரிசி. இந்தப் பெயர்களில் உள்ள காரை நிறமாகப் படிக்க முடியாது, போகமாகத்தான் படிக்க வேண்டும். கார் பருவத்துக்கு ஏற்றபடி குறைந்த நாளில் விளையும் ரகங்கள். கறுப்பரிசி என்றே நினைத்துக்கொண்டு கடையில் பூங்கார் கேட்டு, சிவப்பாக இருக்கிறதே என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். கடைக்காரர் சரியானதைத்தான் கொடுத்தார்.

காரடையான் நோன்பில் இருப்பதும் இந்தக் கார்தானா?

ஆமாம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் வரும் நோன்பு அது. கார் நெல்லைக் குத்திய அரிசியில் அடை செய்து படைத்ததால் காரடை என்கிறார்கள். அடையில் காராமணி போடுவதால் அந்தப் பெயர் வந்ததென்று நினைப்பவர்களும் உண்டு. காரம் போட்ட அடை என்று பொருள் கொள்வது மட்டும் சரியில்லை, அன்றைக்கு வெல்ல அடையும் உண்டல்லவா?

கார்த்திகை என்பது காரிலிருந்து வந்ததா?

இல்லை. அது கிருத்திகை என்ற விண்மீன் கூட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. ஒலி ஒற்றுமை மட்டுமே. ஆனால் கார் நாற்பது என்ற நூல் இரண்டையும் அழகாகச் சந்திக்க வைத்திருக்கிறது. மதுரைக் கண்ணங்கூத்தனார் பாடிய நாற்பது வெண்பாக்கள் அவை. அதில் ஒரு பாட்டில், கார்காலத்துத் தோன்றிப் பூக்கள், கார்த்திகைத் திருநாளில் நாட்டவர் ஏற்றிய விளக்குகளைப் போல் புலமெல்லாம் பூத்தன என்கிறார்.

ஓட்டுகிற கார்?

தொடர்பே இல்லை. அது ஆங்கிலம் வழியாக வந்தது. லத்தீனில் சக்கர வண்டியைக் குறித்த ‘கர்ருஸ்’ என்ற சொல்லே அதன் மூலம்.

பக்கத்து மொழிகளில் இந்தச் சொல் உண்டா?

நன்றாகவே இருக்கிறது. மலையாளத்தில் கார்மேகம், கார்முகில் உண்டு. மழை மேகத்துக்கு ‘மழக்கார்’ என்பது அன்றாடப் பேச்சு. தெலுங்கில் கறுத்த மேகம் ‘காருமப்பு’.

கன்னடம்தான் இதில் முன்னால் நிற்கிறது. தென்மேற்குப் பருவமழைக்கு அங்கே ‘முங்காரு’ என்று பெயர், வடகிழக்கு மழைக்கு ‘ஹிங்காரு’. முன் கார், பின் கார். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது வழக்கம், அதனால் ‘பின்’ அங்கே ‘ஹின்’. கர்நாடகத்தில் நாளிதழிலும் வானொலியிலும் இன்றைக்கும் இவைதான் சொற்கள். நாம் ‘தென்மேற்குப் பருவமழை’ என்று நீட்டி முழக்குவதை அவர்கள் நான்கு எழுத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பொறாமை உண்டு.

‘மான்சூன்’ என்ற சொல்லுக்கும் இதே கதையா?

அதன் வழி வேறு. அரபியில் ‘மவ்சிம்’ என்றால் குறித்த காலம், பருவம். கடலோடிகள் காற்றுக்குக் காத்திருந்து பாய் விரித்த காலம் அது. போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. இந்தி, உருதுவின் ‘மௌசம்’, மலாயின் ‘மூசிம்’ எல்லாம் அதே அரபிச் சொல்தான். அங்கே காலத்தைக் குறித்த சொல் மழைக்கு வந்தது. நமக்கு மேகத்தைக் குறித்த சொல் காலத்துக்குப் போனது.

இன்று எழுதும்போது எப்படிப் பயன்படுத்துவது? கார்காலமா, கார்க்காலமா?

கார்காலம் என்றே எழுதுங்கள், பெருவழக்கு அதுதான். பொருளைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேண்டுகோள். அலங்காரத்துக்காக எல்லா மழையையும் கார் என்று எழுதிவிட வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் இடியோடு வரும் மாலை மழைக்குக் ‘கார்மழை’ என்பது அப்படியே பொருந்தும். நவம்பரில் புயல் சின்னம் உருவாகி மூன்று நாள் விடாமல் பெய்தால் அதைக் கூதிர் என்று எழுதுங்கள். படிக்கிறவர் ஒருவேளை என்னவென்று கேட்பார். கேட்டால் சொல்லிக்கொடுங்கள்.